மாவிஸ் வீட்டுப் பள்ளத்தில் குடியிருந்தவள்

எங்கள் பக்கத்தில் சாலையில் எதிரே ஒரு வண்டி வந்தால், ஓட்டுகிறவன் யாரென்று தெரியாவிட்டாலும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலையாவது தூக்காமல் போகமாட்டோம். வீட்டுக்கும் வீட்டுக்கும் எட்டு மைல், பத்து மைல் இருக்கிற சீமையில் அதுதான் மரியாதை. மாவிஸ் ஹாக்லண்டின் லாரிக்கு மட்டும் யாரும் விரல் தூக்குவதில்லை. பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். அவள்மேல் கோபம் ஒன்றும் இல்லை. அந்த லாரியில் செத்த கன்றுகள் போகும். உற்றுப் பார்த்தால் எந்தப் பண்ணைப் பக்கமிருந்து வருகிறது, தார்ப்பாய் எவ்வளவு உப்பியிருக்கிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். இந்த வருஷம் எத்தனை கன்று செத்தது என்பது ஒரு வீட்டின் மானம். அடுத்த வீட்டுக்காரன் அதைத் தெரிந்துகொள்ளக் கூடாது.

மான்டானாவில், ராக்கி மலை அடிவாரத்தில், பசுக்கள் ஈனுகிற காலம் மாசி பங்குனிக் குளிர்தான். எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் நூறு கன்றுக்கு மூன்று நான்கு போய்விடும். முன்பெல்லாம் ஒவ்வொரு பண்ணையிலும் வீட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருக்கும். செத்ததை இழுத்துக்கொண்டுபோய் அதில் தள்ளிவிடுவார்கள். எலும்புப் பள்ளம் என்று பெயர். குகையில் ஐந்து மாதம் தூங்கி எழுந்த கிரிஸ்லி கரடிக்கு அந்த வாடை கல்யாண வீட்டுச் சமையல் வாடை மாதிரி. இறங்கி வரும். பள்ளத்தைக் காலி செய்துவிட்டு, அடுத்து உயிரோடு இருக்கிற கன்றுகளைப் பார்க்கும். அதனால் அடிவாரத்துப் பண்ணைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு லாரி வாங்கினார்கள். செத்ததை வாசல் கேட்டில் போட்டுவிட வேண்டியது. லாரி வந்து அள்ளிக்கொண்டு போய், மரத்தூள் போட்ட எருக்குழியில் புதைத்துவிடும். லாரி வந்தது. ஓட்டத்தான் ஆள் இல்லை. நாற்றம் ஒரு பக்கம், மானம் ஒரு பக்கம் என்று எல்லா ஆம்பளைகளும் பின்வாங்கினார்கள்.

மாவிஸ் வந்து சாவியைக் கேட்டாள். அப்போது அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது.

வெறுங்கையோடு வந்து நின்று காட்டியவர்கள் எங்கள் மண்ணில் நிறைய உண்டு. அந்த வரிசையில் படித்த ஆள் ஒருவனும் கிடையாது. மாவிஸ் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். பதினைந்து வயதில் ஒரு ஓட்டலில் உருளைக்கிழங்கு தோல் சீவினாள். பத்தொன்பதில் ஆர்லோவைக் கட்டினாள். அவனிடம் அப்போது இருந்தது ஒரு குதிரைச் சேணமும் ஒரு நொண்டி முழங்காலும்தான். இரண்டு பேரும் இருபத்திரண்டு வருஷம் அடுத்தவன் மாட்டுக்குத் தீனி போட்டு, கடைசியில் மலையிலிருந்து அறுபது மைல் கிழக்கே, கோதுமை விளைகிற சமவெளியில், ஆற்றோரமாக ஒரு துண்டு நிலமும் நாற்பது பசுவும் சேர்த்தார்கள். யார் சிபாரிசும் இல்லை, யார் தயவும் இல்லை. அதைச் சொல்லிக்காட்டுவதில் மாவிஸுக்குக் கூச்சமும் இல்லை. எதற்குக் கூச்சப்படவேண்டும்?

பதினோரு வருஷம் லாரி ஓட்டினாள். விடிந்ததும் கிளம்பினால் அடிவாரத்தில் முப்பத்தாறு கேட். வாய் மட்டும் இரும்பு. அடிவாரத்துக்கும் சமவெளிக்கும் நடுவில், இரண்டு பக்கத்து ஆட்களும் காலைக் காப்பிக்குக் கூடுகிற ஓட்டலில் யாராவது மெதுவாகக் கொக்கி போடுவார்கள்.

"என்ன மாவிஸ், ஹாலிஸ் வீட்டுப் பக்கம் இந்த வருஷம் அடிக்கடி போற மாதிரி இருக்கு. எத்தனை?"

"உன் வீட்டுல எத்தனைன்னு நேத்து ஹாலிஸ் கேட்டாரு. முதல்ல அவருக்குப் பதில் சொல்லிட்டு வர்றேன், இரு."

கேட்டவன் காப்பிக் கோப்பைக்குள் முகத்தை விட்டுக்கொள்வான்.

யாராவது சோம்பல்பட்டு ஒரு கன்றை ஓடையில் போட்டுவிட்டதாகத் தெரிந்தால் மாவிஸ் அவன் வாசலிலேயே நின்று ஏசுவாள். "நீ கரடிக்கு விருந்து வெக்கிற, வந்து உன் பேத்தியைப் பாத்துட்டுப் போகட்டும்" என்பாள். "என் லாரி ஓடுறவரைக்கும் மலைக்கரடி மலையிலதான் இருக்கும்" என்பாள். ஹாலிஸ் மக்ரே என்றால் அடிவாரத்திலேயே பெரிய பண்ணைக்காரர். அவரே மாவிஸ் லாரிச் சத்தம் கேட்டால் தொப்பியைச் சரிசெய்துகொள்வார்.

இப்படிப்பட்டவள், தன் வீட்டில் செத்த கன்றை ஒருநாளும் அந்த லாரியில் ஏற்றியதில்லை.

வீட்டுக்குப் பின்னால் ஆற்றை நோக்கி இறங்குகிற ஒரு பள்ளம் இருந்தது. இரண்டு பக்கமும் காட்டுச் செர்ரிப் புதர். செத்ததை ஆர்லோ டிராக்டரில் கட்டி இழுத்துப்போய் அதில் தள்ளிவிட்டு வருவான். யாராவது கேட்டிருந்தால் மாவிஸ் ஒரு காரணம் சொல்லியிருப்பாள்: அறுபது மைல் கோதுமைக்காட்டைத் தாண்டி எந்தக் கரடி வரப்போகிறது? அது வெளியே சொல்கிற காரணம். உள்ளே இருந்தது வேறு. எருக்குழியில் நிற்கிற ஆள் பார்ப்பானே, லாரிக்காரி வீட்டிலேயே இவ்வளவு சாகிறதா என்று நினைப்பானே என்பதுதான். முப்பத்தாறு வீட்டு மானத்தை மூடிய தார்ப்பாய்க்குள் தன் மானத்தை வைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

ஒரு ஆகஸ்ட் மாதம், மாவிஸுக்குப் பக்கத்துப் பண்ணைக்காரர் கஸ் டோலெஃப்சன் தன் தானியக் குதிருக்குப் பக்கத்தில் ஒரு கால்தடம் பார்த்தார். தன் தொப்பியைக் கழற்றி அதன்மேல் வைத்தார். தொப்பிக்கு வெளியே நகம் பதிந்த குழிகள் தெரிந்தன. தொப்பியை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவிட்டார்.

கரடிகளைக் கவனிக்கிற அரசாங்கத்து ஆள் கெல்வின் ரோச் வந்தான். நாற்பது வயது, அதிகம் பேசாத மனுஷன். தடத்தைப் பார்த்துவிட்டு, "இளவட்டப் பயலா இருப்பான். போக்கிடம் தேடிப் போறான். நாலு நாள்ல போயிடுவான்" என்றான். குதிரின் நாலு பக்கமும் ஆற்றோர மரங்களிலும் முள்கம்பி கட்டினான். கரடி உரசிக்கொண்டு போனால் கம்பியில் முடி சிக்கும், அந்த முடியைச் சோதித்தால் யார் பிள்ளை என்று தெரியும் என்றான். எட்டு நாள் கழித்துத்தான் கஸ் போய்த் தொப்பியை எடுத்துவந்தார். அப்புறம் அறுவடை வந்தது, பனி வந்தது, எல்லாரும் மறந்துபோனார்கள்.

மார்ச் கடைசியில் கெல்வின் எல்லாரையும் தேவாலயத்தின் கீழ்க்கூடத்துக்கு வரச் சொன்னான். கிழக்குப் பக்கத்து ஆட்கள் முப்பது பேர் வந்தார்கள். வேடிக்கை பார்க்க அடிவாரத்திலிருந்து ஹாலிஸும் நாலைந்து பேரும் வந்தார்கள். மாவிஸ் ஆர்லோவோடு பின்வரிசையில் உட்கார்ந்து ஆப்பிள் பலகாரம் தின்றுகொண்டிருந்தாள்.

"ஆகஸ்ட்ல நான் உங்ககிட்ட ஒண்ணு சொன்னேன். அது தப்பு" என்று ஆரம்பித்தான் கெல்வின். "கம்பியில இருந்தது ஆம்பளை முடி இல்ல."

"பொம்பளையா இருந்தா என்னப்பா, அதுக்கும் நாலு கால்தானே" என்றார் கஸ். சிரிப்பு.

"ஆம்பளைன்னா நான் இந்தக் கூட்டமே போட்டிருக்க மாட்டேங்க. வளந்ததும் ஆத்தா விரட்டிடும். அவன் கிளம்பினா கிளம்பினதுதான். வடக்கே எல்லைப் பக்கத்துல ஒருத்தனுக்குக் காதுல வில்லை மாட்டி விட்டோம். அடுத்த கோடைக்கு நூத்தி எழுபது மைல் தள்ளி ஒரு கோழிக்கொட்டாய்க்குப் பின்னாடி நிக்கிறான். ரயில் பாதை, நெடுஞ்சாலை, நாலு ஆறு, எல்லாம் தாண்டி. இடம் தேடி, பொண்ணு தேடி நடந்துக்கிட்டே இருப்பான். இன்னைக்கு இங்க, நாளைக்கு எங்கயோ."

"பொம்பளை?" என்று கேட்டது ஹாலிஸ்.

"பொம்பளை போகாது. ஆத்தா இடத்துலயே ஒரு மூலையை வாங்கிக்கிட்டு அங்கேயே இருந்துடும். கட்டிக்குடுத்த பொண்ணை அடுத்த தெருவுல குடிவெச்ச மாதிரி."

அறுபது மைல் என்பது எத்தனை அடுத்த தெரு என்று ஒவ்வொருவனும் மனசுக்குள் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கெல்வின் சுவரில் ஆற்றின் வரைபடத்தை மாட்டினான். மலையிலிருந்து இருபது மைலில் ஒரு புள்ளி வைத்தான். "இது பாட்டி. கழுத்துப்பட்டை போட்டு எங்களுக்குத் தெரிஞ்ச கரடி." நாற்பது மைலில் இன்னொன்று. "இது அவ பொண்ணு. இவ இருக்கிறதே எங்களுக்கு இந்த முடியிலதான் தெரியும்." அறுபதாவது மைலில், கஸ்ஸின் குதிர் இருந்த இடத்தில், மூன்றாவது புள்ளி. "இது பேத்தி. இவகூட ரெண்டு குட்டி முடியும் கம்பியில இருந்துச்சு. ஆம்பளைங்க ஒரு கோடையில ஓடிட்டுத் திரும்புற தூரத்தை, இவங்க மூணு தலைமுறையா வீடு வீடா நடந்து வந்திருக்காங்க. இவ வழி தவறி வந்தவ இல்ல. இங்க குடித்தனம் பண்றா. வந்து ஒரு வருஷமோ, அஞ்சு வருஷமோ ஆச்சு."

மாவிஸுக்குக் கையிலிருந்த தட்டு கனத்தது. மெதுவாகத் தரையில் வைத்தாள். தன் நிலத்தில் ஒரு நரி புதுசாக வந்தால்கூடத் தனக்குத் தெரியும் என்று பெருமை பேசியவள் அவள். குட்டியோடு ஒரு கிரிஸ்லி, வருஷக்கணக்கில், ஆற்றோரத்தில்! ஒருநாள்கூடக் கண்ணில் படவில்லையே?

"ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல" என்றான் கெல்வின். "பொம்பளைக் கரடி ஒரு இடத்துல தங்கணும்னா நம்பிக்கையான சோறு இருக்கணும். வருஷா வருஷம், அதே இடத்துல, எழுந்திரிச்சதும். இங்க யார் வீட்டுலயாவது எலும்புப் பள்ளம் இருக்கா?"

ஆளாளுக்குத் தலையை ஆட்டினார்கள். புதைக்கிறோம், எரிக்கிறோம் என்றார்கள்.

"செத்ததுக்கெல்லாம் அதிகாரி அந்தா உக்காந்திருக்கா. அவளைக் கேளு" என்று ஹாலிஸ் மாவிஸைக் காட்டினார். எல்லாரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். மாவிஸும் சிரித்தாள். சிரித்ததுதான் அவள் செய்த தப்பு. வாயைத் திறந்திருக்க வேண்டிய நேரம் அது.

அடுத்து எல்லாருடைய கண்ணும் கஸ்மேல் போயிற்று. அவர் குதிரடியில் எப்போதும் ஒரு படி கோதுமை சிந்திக் கிடக்கும்.

"கஸ், நீதான் அம்மணிக்குச் சமையல்காரனா?"

"காலைப் பலகாரத்துக்கு என்ன போட்ட?"

கஸ்ஸின் காது சிவந்தது. ஹாலிஸ் சிரிக்கவில்லை. எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார். "நாங்க அங்க பதினோரு வருஷமா ஒரு கன்னுக்கால்கூடக் கீழ கிடக்காமப் பாத்துக்கிறோம். இங்க எவனோ சோறு போட்டு வளத்திருக்கான். அவன் யாரா இருந்தாலும் சரி, என் கேட்டுக்குள்ள கால் வெக்கக் கூடாது. மத்தவங்களும் அப்படித்தான் சொல்வாங்க."

ஹாலிஸ் கேட்டை அடைத்தால் பின்னாலேயே பத்து கேட் அடைபடும். பத்து கேட் அடைபட்டால் லாரி நின்றுவிடும். லாரி நின்றால் அடிவாரத்தில் மறுபடி எலும்புப் பள்ளம் தோண்டுவார்கள். மாவிஸுக்கு இது அத்தனையும் ஒரே மூச்சில் புரிந்தது.

திரும்பும் வழியில், இருபது மைல் தாண்டியதும் ஆர்லோ வாயைத் திறந்தான்.

"சொல்லிடு மாவிஸ்."

"என்னத்தச் சொல்ல?"

"அந்தாளு கஸ்ஸு பாவம்."

"கஸ்ஸு நாலு நாள் கேலியைத் தாங்கிப்பாரு. என் லாரி போச்சுன்னா யார் ஓட்டுவா, நீயா? பனி உருகட்டும். பள்ளத்துல இருக்கிறத நாமளே அள்ளி எருக்குழியில கொண்டுபோய்ச் சேத்துடலாம். பள்ளமும் கிடையாது, கதையும் கிடையாது."

"பனி உருகுறப்பதான் அதுவும் எழுந்திரிக்கும்."

"அதுக்கு முன்னாடி நாம எழுந்திரிப்போம்."

பள்ளத்தில் ஆள் உயரம் பனி அடைத்துக் கிடந்தது. ஏப்ரல் பாதிவரை அசையவில்லை. மாவிஸ் தினமும் மலைப் பக்கம் போய் மற்றவர்கள் கன்றை ஏற்றிக்கொண்டு, வீடு திரும்பியதும் பள்ளத்தைப் போய்ப் பார்ப்பாள். ஓட்டலில் கஸ் வந்தால் "சமையல்காரர் வந்துட்டாரு" என்று ஆரம்பித்துவிடுவார்கள். நாலு நாள் கேலி நாலு வாரமாயிற்று. கஸ் ஓட்டலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். மாவிஸ் முட்டையைக் கிளறிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு மூன்று நாள் மலைக்காற்று சூடாக அடித்தது. பனி கரைந்து ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், எல்லாரும் தேவாலயத்தில் இருக்கிற நேரம் பார்த்து, மாவிஸ் லாரியைப் பின்னோக்கிப் பள்ளத்தின் வாய்வரை கொண்டுவந்து நிறுத்தினாள். ஆர்லோ சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான்.

முதல் அதிர்ச்சி, பள்ளத்தில் பழையது ஒன்றும் இல்லாததுதான். பதினோரு வருஷத்து மாடும் கன்றும் மலைபோல் குவிந்திருக்க வேண்டும். இருந்தது பனியில் கிடந்த கறுப்புப் பசு ஒன்றும், நாலைந்து மண்டையோடும், நடுவில் பிளந்த தொடை எலும்புகளும்தான். பசுவின் தொடை எலும்பை எந்த நரியாலும் பிளக்க முடியாது. இத்தனை வருஷம் இது எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று? புதர் மறைத்தது. ஆர்லோ மேலிருந்தே தள்ளிவிட்டுத் திரும்பிவிடுவான். கீழே இறங்கிப் பார்க்க இருவருக்குமே மனசு இருந்ததில்லை.

புதரோரமாகப் பழுப்பாக ஒரு பசு செத்துக் கிடந்தது. பிப்ரவரியில் தள்ளிய பசு கறுப்பு. இது எப்போது செத்தது என்று மாவிஸ் லாரியின் பக்கக் கண்ணாடியில் பார்த்து யோசித்தாள்.

செத்த பசு எழுந்து நின்றது.

முதுகில் திமில் இருந்தது. தலை ஒரு பக்கமிருந்து மறுபக்கம் மெதுவாக ஆடியது. அதன் பின்னால் இன்னொன்று எழுந்தது, அதன் பின்னால் இன்னொன்று. குட்டிகள் என்று பெயர்தான், ஒவ்வொன்றும் ஒரு கன்றுக்குட்டி பருமன். ஆர்லோ அதற்கு இருபது எட்டு தூரத்தில் முதுகைக் காட்டிக் குனிந்து, கறுப்புப் பசுவின் காலில் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தான்.

மாவிஸுக்குக் குரல் வரவில்லை. வாழ்நாளில் முதல் தடவை. கை தானாக கியரைப் பின்னுக்குத் தள்ளியது. லாரி 'பீப் பீப்' என்று கத்திக்கொண்டு சரிவில் இறங்கியது. ஆர்லோ நிமிர்ந்து பார்த்தான். கரடி ஓடிவந்தது. அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு வேகமாக வரும் என்று அவள் நினைத்ததே இல்லை, லாரிக்கு முந்திவிடும் போலிருந்தது. பத்து எட்டில் நின்று முன்னங்கால்களால் தரையை அறைந்தது. சேறு லாரியின் பின்கண்ணாடியில் வந்து விழுந்தது. வாயிலிருந்து பல்லைப் பல்லால் தட்டுகிற சத்தம். ஆர்லோ நொண்டிக்கால் என்பதையே மறந்து லாரியின் பின்தட்டில் தாவி விழுந்தான். ஒரு பூட்ஸ் சேற்றிலேயே நின்றது.

மேட்டுக்கு வந்து அரை மைல் ஓட்டிய பிறகுதான் அவளுக்கு லாரியை நிறுத்தத் தோன்றியது. ஆர்லோ பின்னாலிருந்து இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். கால் சட்டையெல்லாம் பழைய ரத்தம்.

"மூணு" என்றான்.

"ம்."

"மூணு, மாவிஸ். நான் ஒவ்வொரு தடவையும் கன்னைத் தள்ளிட்டுச் சிகரெட் பத்தவெச்சு நின்னுட்டு வருவேன் அங்க."

மாவிஸ் மறுபடி கியரைப் போட்டாள். "நாளைக்குச் சொல்லிடறேன்" என்றாள்.

திங்கட்கிழமை காலை ஓட்டலில் இருபது பேர் இருந்தார்கள். மாவிஸ் கெல்வினையும் வரச்சொல்லியிருந்தாள். வழியில் கஸ் வீட்டில் இறங்கி, ஒரு வார்த்தையும் விளக்காமல், அவரையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னாள்.

"கஸ்ஸு சமையல்காரர் இல்ல. நான்தான். என் வீட்டுக்குப் பின்னாடி எலும்புப் பள்ளம் இருக்கு. பதினோரு வருஷமா இருக்கு." விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தாள். "முதல் வருஷம் மூணு கன்னு. அடுத்த வருஷம் ரெண்டு கன்னு, ஒரு பசு. அதுக்கடுத்த வருஷம் அஞ்சு, கழிச்சல் நோயில. அப்புறம் நாலு. அப்புறம் ஒண்ணு. அதுக்கப்புறம்..." ஒரு வருஷம் விடாமல் சொல்லிமுடித்தாள். எங்கள் ஊரில் ஒருவர் தன் வீட்டுக் கணக்கைத் தன் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. கேட்டவர்கள் துணியில்லாத ஆளைப் பார்த்தது மாதிரி கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

முதலில் பேசியது கஸ். "ஒரு மாசமா என்னைக் கரடிக்குச் சமையல்காரன்னு கூப்பிட்டானுங்க. நீ இங்கயே உக்காந்து முட்டை தின்னுக்கிட்டிருந்த."

"ஆமா."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம். சொல்லல."

கஸ் மன்னித்தாரா இல்லையா என்று இன்றைக்குவரை யாருக்கும் தெரியாது.

ஹாலிஸ் காப்பியைக் குடித்து முடித்தார். "நான் என்ன சொன்னேன்னு உனக்கு ஞாபகம் இருக்கா மாவிஸ்?"

"இருக்கு."

"அப்ப என் கேட்டுக்கு வராதே." எழுந்து போனார். அவர் பின்னால் இரண்டு பேர் போனார்கள். மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். போவதா இருப்பதா என்று இன்னும் முடிவுக்கு வராதவர்கள்.

மூன்று நாள் கழித்துக் கெல்வினும் அவன் ஆட்கள் இருவரும் வந்தார்கள். வெடிச்சத்தம் போடுகிற தோட்டாவால் கரடிகளை ஆற்றுக்கு அந்தப் பக்கம் விரட்டிவிட்டு, காவல் நிற்க, மாவிஸ் பள்ளத்தைத் துடைத்து எடுத்தாள். மண்டையோடு ஒன்றுகூட விடவில்லை. மதியம் கெல்வின் புதருக்குள்ளிருந்து கூப்பிட்டான்.

"மாவிஸம்மா, இங்க கொஞ்சம் வாங்க."

செர்ரிப் புதருக்கு நடுவில், மேட்டின் விளிம்பில், வட்டமாக ஒரு குழி. உள்ளே மெத்தை மாதிரி காய்ந்த புல். ஓரத்து மரத்தில் கரடி முதுகை உரசி உரசிப் பட்டை வழவழப்பாகியிருந்தது. அதில் ஒட்டிய முடிமேல் மரப்பிசின் வழிந்து இறுகி, அதன்மேல் மறுபடி முடி.

"அவ பகல்ல படுக்கிற இடம். அஞ்சு வருஷத்துக்குக் குறையாதுங்க."

மாவிஸ் அதில் இறங்கி, கரடி படுத்தால் தலை எங்கே இருக்குமோ அங்கே தன் தலையை வைத்துப் பார்த்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது. நேர் எதிரே தன் வீட்டுச் சமையல்கட்டு ஜன்னல். பூப்போட்ட திரை, ஜன்னலுக்கு உள்ளே பாத்திரம் கழுவுகிற தொட்டி, தொட்டிக்கு மேலே அவள் தினமும் நிற்கிற இடம். கொல்லையில் துணிக்கொடியில் ஆர்லோவின் உள்சட்டை ஆடிக்கொண்டிருந்தது. அதன் கிழிசல்வரை தெரிந்தது.

ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"எத்தனை எட்டு இருக்கும், தம்பி?"

கெல்வின் நடந்து அளந்து வந்தான். "நூத்தி ஐம்பது."

"அஞ்சு வருஷமா நான் பாத்திரம் கழுவறதைப் பாத்துக்கிட்டுக் கிடந்திருக்கா." தலையைக் குலுக்கினாள். "நான் ஒருநாள்கூட நிமிர்ந்து பாக்கலியே!"

அந்தப் பேச்சு இரண்டே நாளில் அடிவாரம்வரை போயிற்று. எப்படிப் போயிற்று என்று கேட்கவேண்டாம், எங்கள் ஊரில் பேச்சு எந்தக் கரடியையும்விட வேகமாக நடக்கும்.

அடுத்த திங்கட்கிழமை காலை மாவிஸ் வழக்கம்போல் லாரியை எடுத்தாள். ஐந்து கேட்டில் சங்கிலி மாட்டியிருந்தது. இறங்கிப் பார்க்காமல் தாண்டிப் போனாள். ஹாலிஸ் பண்ணைக் கேட்டிலும் புதுச் சங்கிலி. உள்ளே நாற்பது எட்டு தள்ளி ஓடையோரத்தில் ஒரு கன்று கிடந்தது. அதன்மேல் காக்கை உட்கார்ந்திருந்தது. மாவிஸ் லாரியை நிறுத்தினாள். ஏசுவதற்கு வாய் வரவில்லை, ஏசுகிற உரிமையைத் தொலைத்தவள். கிளம்பத்தான் இருந்தாள்.

வீட்டுப் பக்கமிருந்து ஹாலிஸின் மனைவி லுவெல்லா வந்தாள், வீட்டுச் செருப்போடு, அங்கியின்மேல் புருஷனின் கோட்டை மாட்டிக்கொண்டு. எழுபது வயது. கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்றாள்.

"அவரு வைக்கோல் வாங்கப் போயிருக்காரு."

"சரி லுவெல்லா. நான் உள்ள வரல. அவரு சொல்லிட்டாரு."

"அவரு சொன்னது இருக்கட்டும். கேள்விப்பட்டது நிஜமா? உன் ஜன்னலுக்கு எத்தனை எட்டு?"

"நூத்தி ஐம்பது."

லுவெல்லா திரும்பித் தன் வீட்டைப் பார்த்தாள், பிறகு ஓடையை, பிறகு ஓடையோரப் புதர்களை. அவள் உதடு எதையோ எண்ணிக்கொண்டிருந்தது.

"ஓடையிலிருந்து எங்க ஜன்னலுக்கு எண்பதுதான் மாவிஸ்" என்றாள். கோட்டுப் பையில் கைவிட்டுச் சாவியை எடுத்தாள். குளிரில் பூட்டு மக்கர் செய்தது, மூச்சை ஊதி ஊதித் திறந்தாள். "அந்தப் பக்கம் இன்னும் ரெண்டு கிடக்கு. லாரியை நல்லா உள்ள கொண்டாந்து விடு."